தங்க ஆலைப் படமும் நான் பிழையாகச் சொன்ன ஒரு சொல்லும்

போன செவ்வாய்க்கிழமை காலை. தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்திருக்கிறேன், போன் அடிக்கிறது. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து சறோ அக்கா.

"பிள்ளை, உடுப்பில கிறீஸ் பிரண்டா எதால தோய்க்கிறது?"

"ஆற்ற உடுப்பு அக்கா?"

"வேற ஆற்ற? இந்த மனுசன்ரதான். ஒரு சேட்டு, ஒரு காற்சட்டை. மெஷின்ல ரெண்டு தரம் போட்டன். இப்ப மெஷினும் கறுப்பு!"

முறைப்பாடுதான். ஆனால் குரல் இருக்கிறதே... மகளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் பொருந்திவிட்டது என்று சொல்ல போன் எடுத்தவர் குரல்!

பாத்திரம் கழுவும் திரவத்தை முதலில் ஊற்றித் தேய்க்கச் சொன்னேன். "ஓம், ஓம்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். எனக்குத்தான் தேநீர் ஆறிப்போனது. யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

இந்தக் கிறீஸ் எப்படி அந்தச் சட்டைக்கு வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. ஏனென்றால் கதையில் ஒரு குற்றவாளி உண்டு. வேறு யாருமில்லை — நான்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்குச் சோறு போடுவது இந்தப் பத்தி அல்ல. உள்ளூராட்சிக் கவுன்சிலில் மொழிபெயர்ப்பாளர் வேலை. டொக்டரிடம் போகும் அம்மாமார், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகும் அப்பாமார், பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வருபவர்கள்... இரண்டு பேர் கதைக்க, நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். கிட்டத்தட்டப் பத்து வருஷமாக. என் இங்கிலிஷைப் பற்றி எனக்கு மிக நல்ல அபிப்பிராயம் இருந்தது.

இனி தர்மு அண்ணை. சறோ அக்காவின் கணவர். முழுப்பெயர் தர்மலிங்கம். ஐம்பது தாண்டியவர். நெடுத்த, ஒல்லியான மனிதர். வாசலில் நுழையும்போது தலை இடிக்காவிட்டாலும் குனிவார். எண்பதுகளின் நடுவில் இருவரும் ஒரேயொரு சூட்கேசுடன் லண்டன் வந்தார்கள். வந்த சில மாதங்களில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பகல் ஷிப்ட் கிடைத்தது. அன்றிலிருந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்தான் அவர் லண்டன். அங்கே அவர் பேசும் இங்கிலிஷ் மூன்றே வாக்கியம். "விச் பம்ப்?" "ரிசீட்?" "ஹாவ் எ நைஸ் டே." மூன்றையும் வைத்தே வருஷங்களை ஓட்டிவிட்டார். வேறு இங்கிலிஷ் அவருக்கு வராது என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

ஞாயிறு காலை சறோ அக்காவுக்கு கார் பூட் சேல் போகாவிட்டால் பொழுது விடியாது. வீட்டில் வேண்டாத சாமான்களைக் காரின் பின்பக்கம் அடைத்துக்கொண்டு வந்து மைதானத்தில் பரப்பி விற்பார்களே, அதுதான். அக்கா சட்டி பானை பார்ப்பார். அண்ணை பை தூக்குவார். அப்படி ஒரு ஞாயிறு, பை தூக்கிக் களைத்தவர் ஒரு மேசையடியில் இருந்த காட்போர்ட் பெட்டிக்குள் கையை விட்டார். வந்தது ஒரு பழைய போட்டோ.

மலைச்சரிவு. அதில் படிப்படியாக இறங்கும் பெரிய மரக்கொட்டகை. புகைபோக்கி. முன்னால் தொப்பியும் தாடியுமாக இருபது ஆண்கள், கையைக் கட்டிக்கொண்டு கமராவை முறைக்கிறார்கள். அட்டையின் கீழே பென்சிலில் 'தங்க ஆலை, கலிஃபோர்னியா'.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் கிடைக்கிறதாம் என்று கேள்விப்பட்டு உலகமே மண்வெட்டியோடு ஓடியதே, கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்... அந்தக் காலத்துப் படம். ஆற்று மணலில் சலித்தெடுத்த தங்கம் முடிந்ததும் மலையைக் குடைந்தார்கள். பாறைக்குள் ஒளிந்திருக்கும் தங்கத்தை எடுக்கப் பாறையை மாவாக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஆலைகள்.

நீங்களோ நானோ பார்த்திருந்தால் அந்தத் தாடிகளைப் பார்த்திருப்போம். தர்மு அண்ணை தாடியைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கொட்டகைக் கதவுக்குள் தெரிந்த மெஷினைப் பார்த்தார். பார்த்தார் என்றால், அக்கா இரண்டு சட்டி பேரம் பேசி முடிக்கும்வரை அசையாமல் நின்று பார்த்தார்.

அதன் பிறகு பிடித்தது பைத்தியம். இரண்டு வருஷத்தில் முப்பது படம். எல்லாம் தங்க ஆலை, ஆலைக்கு முன்னால் ஆட்கள். பனிக்குள் நிற்கும் ஆலை. பாலைவனத்தில் நிற்கும் ஆலை. கழுதையோடு ஆட்கள். வாளியோடு ஆட்கள். நல்லதில் பன்னிரண்டைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டிவிட்டார்.

"ஆற்ற வீட்டிலயும் சாமிப்படம் இருக்கும், பிள்ளையளின்ர படம் இருக்கும்" என்று என்னிடம் குறைப்பட்டார் சறோ அக்கா. "எங்கட வீட்டில மட்டும் ஆரெண்டே தெரியாத தாடிக்காரர். போன கிழமை வந்த ஒரு மனுசி, மருமகன் வெள்ளைக்காரரோ எண்டு கேட்டிட்டுப் போகுது!"

அவர்கள் மகள் கனடாவில் இருக்கிறாள். மருமகன் யாழ்ப்பாணத்து அச்சுவேலி.

பழைய படங்களுக்கென்றே மாதம் ஒருமுறை வட லண்டனில் எட்மண்டன் பக்கம் ஒரு மண்டபத்தில் சந்தை கூடும். அங்கே மிஸ்டர் பார்க்கர் என்று ஒருவர் மேசை போடுவார். கழுத்தில் போ டை கட்டிய, மெதுவாகப் பேசும் வயதான மனிதர். போன கோடையில் அவர் மேசையில் ஒரு புதுப் படம். அதே மாதிரி ஆலை. கீழே அதே 'கலிஃபோர்னியா'. முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்த இரண்டு வெள்ளைக்காரர்கள், காலடியில் ஒரு நாய். பின்னால் பதினொரு ஆண்கள், மேலில் சட்டை இல்லை, தலையில் துண்டு. ஓரமாக நான்கு பெண்கள்.

தர்மு அண்ணை அந்தப் பெண்களில் ஒருத்தியைத் தொட்டுக் காட்டினார். "இந்தியன்" என்றார்.

"ஆமாம், ஆமாம்" என்று மகிழ்ச்சியோடு தலையாட்டினார் பார்க்கர். கலிஃபோர்னியாவில் இந்தியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், சுரங்கங்களிலும் வேலை செய்தார்கள், இப்போதுதான் பாவம் குறைந்துவிட்டார்கள் என்று சொன்னார்.

"நோ, நோ... அந்த இந்தியன் இல்லை. திஸ் இந்தியன்!" — அண்ணை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்.

பார்க்கர் நினைத்தது அமெரிக்காவின் செவ்விந்தியர்களை; அவருக்கு விளங்கவில்லை. அண்ணைக்கோ மேற்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. 'விச் பம்ப்' அங்கே உதவுமா? படத்தை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். எட்மண்டன் எங்கே, நான் இருக்கும் விம்பிள்டன் எங்கே! லண்டனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படத்தை என் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, உதைப் பாரும். பூதக்கண்ணாடி வைச்சுப் பாரும்."

பார்த்தேன். ஒருத்தி பக்கவாட்டில் நிற்கிறாள். இடுப்பில் கூடை. சேலைக் கொசுவம் பின்பக்கம். மூக்கில் ஒரு பொட்டு வெளிச்சம், மூக்குத்தி. கலிஃபோர்னியாவாவது மண்ணாவது!

அட்டையைத் திருப்பினேன். பின்னால் மங்கிய மையில் யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டு துரைமார் பெயரும் இருந்தது. நாயின் பெயரும் இருந்தது, டோபி. பிறகு, 'மற்றும் கூலிகள்'.

"நாய்க்குப் பேர் இருக்கு" என்றார் அண்ணை. கோபமாக அல்ல. ஒரு தகவல் மாதிரி.

அதன் பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு சனிக்கிழமை நூலகத்தில் குந்தினேன். கடைசியில் ஒரு தடித்த, யாரும் தொடாத புத்தகத்தில் அகப்பட்டது. நீலகிரி மலையின் அந்தப் பக்கம், தேவாலா, பந்தலூர் பகுதியிலும் ஒரு தங்க வேட்டை நடந்திருக்கிறது! நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாறையில் தங்கம் கண்டோம் என்று யாரோ சொல்ல, இதே லண்டனில் கம்பெனிகள் முளைத்து, இங்கிருந்து மெஷின்களைக் கப்பலில் ஏற்றி, மாட்டு வண்டியில் மலைக்கு இழுத்துப்போய் ஆலை கட்டியிருக்கிறார்கள். தங்கம் வந்ததா? சோதிக்கப் போதும் என்கிற அளவுக்குத்தான். சில வருஷத்தில் எல்லாம் மூடிவிட்டார்கள்.

இந்தப் படம் அங்கேதான் எடுத்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்தக் கொசுவம் கலிஃபோர்னியாக் கொசுவம் அல்ல என்று எந்தக் கோர்ட்டிலும் ஏறிச் சொல்வேன்.

மிஸ்டர் பார்க்கருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். மனிதர் நல்லவர். ஒரு வாரத்தில் பதில். பிழைக்கு வருந்துகிறேன், எங்கள் பழைய படச் சங்கம் ஒக்டோபரில் கூடுகிறது, தங்க ஆலைகளைப் பற்றி மிஸ்டர் தர்மலிங்கம் வந்து பேசுவாரா?

"ஐயோ, என்னால ஏலாது" என்றார் அண்ணை. பத்து நிமிஷம் கழித்து, "பிள்ளை, நீர் வந்து பக்கத்தில நிண்டு சொன்னா... செய்யலாம்" என்றார்.

"அதுதானே என்ர வேலை அண்ணை!" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

கூட்டத்துக்கு முந்தின வாரம் பிளேஸ்டோவில், அவர்கள் குசினியில் ஒத்திகை. அக்கா அடுப்பில் றால் குழம்பு கிளறிக்கொண்டிருந்தார். அண்ணை ஒரு கோப்பையையும் ஐந்து கரண்டிகளையும் எடுத்துவைத்தார்.

"இது உரல் எண்டு வையும். இது அஞ்சும் இரும்பு உலக்கை. இந்தத் தண்டு சுத்தேக்க, அதில இருக்கிற மூக்கு உலக்கையைத் தூக்கும், பேந்து விடும். அஞ்சும் ஒண்டா விழாது. ஒண்டா விழுந்தா கொட்டகையே போயிடும். மாறி மாறி விழும். கல்லு மாவாகும். மாவைத் தண்ணியோட செப்புத் தகட்டில ஓட விடுவினம். தகட்டில பாதரசம். தங்கம் அதில ஒட்டும், மற்றதெல்லாம் ஓடிப்போகும்."

நான் கொப்பியில் எழுதிக்கொண்டே, அப்பாவியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணை, ஊரில கல்லு உடைச்சுக்கொண்டிருந்த உங்களுக்கு இவ்வளவு மெஷின் அறிவு எங்க இருந்து வந்தது?"

அக்கா கரண்டியோடு திரும்பினார்.

"கல்லு உடைச்சவரோ? ஆர் சொன்னது? சிமெந்துத் தொழிற்சாலையில கல்லு அரைக்கிற பகுதிக்கு முழுக்க ஃபோர்மன் இவர்! அறுபது பேர் இவருக்குக் கீழ! ஜெர்மன்காரன் வந்து பூட்டின மெஷினை, அவன் போன பிறகு ஓட்டினது இவர்!"

"சறோ, விடும்" என்றார் அண்ணை.

"என்னத்தை விடுறது? பிள்ளை, கல்லு உடைச்சவர் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

யார் சொன்னது? நான்தான் சொன்னேன்!

அந்தக் காட்சி அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். வேலை தேடுவோருக்கான ஓர் அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, இந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு நெடுத்த மனிதர், நடுவில் நான். "ஊரில் என்ன வேலை?" என்று கேட்டார் அதிகாரி. "கல்லு உடைக்கிற பகுதி ஃபோர்மனா இருந்தனான்" என்றார் அவர். கேட்ட கேள்விக்குப் பதில் சட்டென்று போக வேண்டுமே என்ற புதுப் பெண்ணின் அவசரம் எனக்கு. ஃபோர்மன் என்ற சொல்லைக் காதில் வாங்காமலே, "ஹி வாஸ் பிரேக்கிங் ஸ்டோன்ஸ்" என்றேன். அதிகாரி ஃபாரத்தில் 'லேபரர்' என்று எழுதினார். கூலி வேலை. அவ்வளவுதான். அந்த ஒரு சொல் அவர் ஃபைலோடு ஒட்டிக்கொண்டது. எந்த வொர்க்‌ஷொப்பும் அவரை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. கடைசியில் பெட்ரோல் நிலையம்.

"அண்ணை... நான் பிழையாச் சொன்னது உங்களுக்கு அப்பவே விளங்கினதோ?"

"ம்... விளங்கினதுதான்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

ஐந்து கரண்டிகளையும் ஒரே நேராக அடுக்கிக்கொண்டே சொன்னார். "நீர் புதுசு. அந்த ஆளுக்கு முன்னால நான் உம்மைப் பிழை எண்டு சொன்னா உம்மட வேலை போயிடுமெண்டு நினைச்சன். பேந்து திருத்தலாம் எண்டு விட்டிட்டன். பேந்து... பேந்து எண்டு போச்சுது."

அக்காவுக்கே இது புதுச் செய்தி. கரண்டியை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். குழம்பு அடிப்பிடித்தது. யாரும் கவனிக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "உம்மட பிழை இல்லைப் பிள்ளை. நான் அரைக்கிறது எண்டு சொல்லாமல் உடைக்கிறது எண்டுதானே தமிழிலயே சொன்னனான்" என்று என்னைத் தேற்றினார். பிழை செய்தவளை அந்தப் பிழைக்கு ஆளானவர் தேற்றும் விசித்திரம்! ரயிலில் வீடு திரும்பும்போது, விம்பிள்டன் கடைசி ஸ்டேசன் என்பது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அன்று நான் இறங்க மறந்திருப்பேன்.

ஒக்டோபர் சனிக்கிழமை, பிற்பகல். ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். நாற்பது பேர், அநேகமாக எல்லோரும் நரைத்த தலை. தட்டில் பிஸ்கட். அண்ணை மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட் போட்டிருந்தார். சறோ அக்கா முதல் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "சிரிச்சுப்போடுவாங்களோ பிள்ளை?" என்று என் காதில் மூன்று தரம் கேட்டுவிட்டார்.

பார்க்கர் படத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டார். ஆலை சுவரளவு எழுந்து நின்றது.

அண்ணை தமிழில் தொடங்கினார். நான் இங்கிலிஷில் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் தவறக் கூடாது என்று வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். என்ன பயன்? பயத்தில் மனிதருக்குப் பழைய பிழைதான் முதலில் வரும். மூன்றாவது வாக்கியம், "இந்த உலக்கைகள் கல்லை உடைத்தன." பிரேக்கிங் ஸ்டோன்ஸ். அதே சொல், அதே வாய்!

பக்கத்தில் ஒரு செருமல்.

"எக்ஸ்கியூஸ் மீ" என்றார் தர்மு அண்ணை. சபையைப் பார்த்து. இங்கிலிஷில். "நொட் பிரேக்கிங். கிரஷிங். பிரேக்கிங் இஸ் டிஃபரன்ட் மெஷின்." உடைப்பதல்ல, அரைப்பது.

மண்டபம் அவரைப் பார்த்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு ஒரு அடி முன்னால் போய், விரலால் காட்டத் தொடங்கினார். "திஸ் இஸ் கேம். கேம் லிஃப்ட் த ஸ்டாம்ப். திஸ் ஒன், மோர்ட்டார் பொக்ஸ்..." குசினியில் கேட்ட அதே மூக்கு, உலக்கை, உரல்தான்.

தொழிற்சாலையில் மெஷினோடு வந்த புத்தகங்கள் எல்லாம் இங்கிலிஷாம். வருஷக்கணக்கில் அவற்றைப் படித்தே மெஷினை ஓட்டியிருக்கிறார். சொற்கள் எல்லாம் அவரிடம் எண்ணெய் போட்டுத் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. இந்த ஊரில் அவற்றைக் கேட்கத்தான் யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பெட்ரோல் அடிக்க வந்தார்கள்.

நான் மெதுவாகப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இலக்கணம் சரியாக இருந்ததா? இல்லை. யாருக்காவது விளங்காமல் இருந்ததா? அதுவும் இல்லை!

"படம் எடுக்க மில்லை நிறுத்தியிருக்கிறார்கள்" என்றார். பெல்ட் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, ஓடிக்கொண்டிருந்தால் புகை மாதிரி மங்கியிருக்கும். "அதுதான் எல்லோரும் சந்தோஷமாக நிற்கிறார்கள். பத்து நிமிஷம் ஹொலிடே." மண்டபம் சிரித்தது. அக்கா கைப்பையை இறுக்கினார். பிறகுதான் அது எந்த வகைச் சிரிப்பு என்று விளங்கி, தானும் சிரித்தார்.

பிறகு அந்தப் பதினொரு ஆண்களிடம் வந்தார். இவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் வேலை தெரியும் என்றார். இவர் கையில் நீண்ட மூக்கு எண்ணெய்க் கான், இவர் ஒருநாள் வராவிட்டால் ஆலை நிற்கும். இவர் சட்டியும் தூரிகையும் வைத்திருக்கிறார், பாதரசத் தகட்டைத் துடைப்பவர், தங்கத்தை முதலில் காண்பவர் இவர்தான். இவர் காதில் பஞ்சு அடைத்திருக்கிறார், உலக்கைக்குப் பக்கத்திலேயே நிற்பவர். ஒவ்வொருவராக, இடமிருந்து வலமாக, யாரையும் விடவில்லை.

நடு வரிசையில் இருந்த ஒரு வெள்ளைத் தலை அம்மா கையை உயர்த்தினார். "அந்தப் பெண்கள்?"

"கல் கொண்டுவருபவர்கள் மேடம். இவர்கள் கொண்டுவராவிட்டால் மெஷின் பட்டினி."

வேறொருவர் கேட்டார், "இது ஓடும்போது என்ன சத்தம் கேட்கும்?"

அண்ணை திரும்பித் திரையைப் பார்த்தார். திறந்த கொட்டகைக்குள், நிறுத்திய நேரத்தில் ஐந்து உலக்கைகளும் வெவ்வேறு உயரத்தில் நின்றுபோயிருந்தன. எந்த உலக்கைக்குப் பிறகு எது விழும் என்று உதட்டுக்குள் கணக்குப் போட்டார். ஒண்டு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூண்டு. மேசையில் ஐந்து விரல்களையும் வைத்து, அந்த வரிசையில் தட்டத் தொடங்கினார். மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு இரண்டு கையாலும். பிஸ்கட் தட்டு துள்ளியது. நூறு வருஷமாக வாய் பேசாமல் கிடந்த ஒரு படம் அந்த மண்டபத்தில் ஓடியது!

அவர் கையை எடுத்தபோது கைதட்டினார்கள் பாருங்கள்... எழுந்து நின்று தட்டினார் பார்க்கர். அக்கா தட்டவில்லை. கைப்பையைத் திறந்து, கண் துடைக்க லேஞ்சியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கையை உயர்த்திய அந்த வெள்ளைத் தலை அம்மாவின் பெயர் மிஸஸ் ஹோல்ட். கூட்டம் முடிந்ததும் நேரே அண்ணையிடம் வந்தார். அந்தக் காலத்தில் லண்டனுக்குத் தண்ணீர் இறைத்த ஒரு நீராவி பம்ப் நிலையத்தை இப்போது மியூசியமாக வைத்திருக்கிறார்களாம். இவர் அதன் தொண்டர். "எங்கள் பெரிய எஞ்சினில் ஒரு தட்டுச் சத்தம். ஆறு மாதமாக. யார் யாரோ பார்த்தார்கள். நீங்கள் வந்து கொஞ்சம் கேட்பீர்களா?" பாருங்கள் என்று சொல்லவில்லை. கேளுங்கள் என்றார்.

அடுத்த சனிக்கிழமை போனார். நானும் போனேன், இந்த முறை வேடிக்கை பார்க்க. மூன்று மாடி உயர எஞ்சின். ஓட்டிக்காட்டினார்கள். அண்ணை ஒரு நீண்ட திருப்புளியின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அங்கங்கே கேட்டார். நோயாளியின் நெஞ்சில் டொக்டர் குழாயை வைத்துக் கேட்பாரே, அப்படி. நான்காவது இடத்தில் கண்ணைத் திறந்தார். "ஹியர்."

கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஓர் ஆப்பு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணையை வீட்டில் பிடிக்க முடியாது. பெட்ரோல் பம்பை விட்டால் தண்ணீர் பம்ப்தான் என்று அக்காகூடப் பகிடி விட்டார். போன மாதம் அங்கே பராமரிப்பு மெக்கானிக் ஒருவர் சம்பளத்துக்குத் தேவை என்று கவுன்சில் விளம்பரம் போட்டது. நேர்முகத்துக்குத் தனியே போனார். மூன்று பேர் கேட்டார்களாம், முக்கால் மணி நேரம் பேசினாராம். போன திங்கட்கிழமை வேலை தொடங்கினார். செவ்வாய்க்கிழமை காலை எனக்கு போன் வந்தது.

அந்த வேலைக்கான விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒருமுறை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "எழுத்துப் பிழை இருந்தாச் சொல்லும் பிள்ளை" என்றார். கட்டம் கட்டமாக நேரான எழுத்து. முன்பு செய்த வேலை என்ற இடத்தில், 'ஃபோர்மன், கிரஷிங் பிளான்ட்' என்று இருந்தது. அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். பிழை எதுவும் இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி, நேர்முகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா? கட்டத்துக்குள் 'நோ' என்று எழுதினால் போதும். அண்ணை 'நோ, தேங்க்யூ' என்று எழுதியிருந்தார்.

அந்தத் தேங்க்யூ கவுன்சிலுக்கு இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.